விண்டோஸ் லோகோ வரை வந்து திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது, 11ஆம் தேதிக்குள் சரியாக வேண்டும்

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் நேற்று மதியத்தில் இருந்து ஆன் ஆக மாட்டேன் என்கிறது. இல்லை, ஆன் ஆகிறது, அதுதான் பிரச்சினையே. சுவிட்ச் போட்டால் மதர்போர்டு கம்பெனி பெயர் வருகிறது, விண்டோஸ் லோகோ வருகிறது, கீழே அந்தப் புள்ளிகள் நாலு சுற்று சுற்றும், ஏதோ நீலமாக ஒரு கணம் தெரியும், உடனே இருட்டாகி மறுபடி முதலில் இருந்து. இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வந்து, ஐந்து பத்து நிமிடம் யோசித்துவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று கையை விரித்துவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

2012இல் வாங்கிய ஐ3 மெஷின், எச்61 போர்டு, 8 ஜிபி ராம். 2020இல் தம்பிதான் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தான். அவன் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான், போனில் கேட்டால் 'அக்கா எதையாவது அழுத்திட்டியா' என்றுதான் முதலில் கேட்கிறான். நான் எதையும் அழுத்தவில்லை. மூன்று வாரம் ஊரில் இல்லை, வந்து ஆன் செய்தேன், அவ்வளவுதான்.

ஏழெட்டு கடைகளுக்கு வீட்டில் இருந்தே கணக்கு பார்க்கிறேன், எல்லா டேலி டேட்டாவும் இதில்தான். பென்டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது, ஆனால் அது இரண்டு மாதம் பழசு, திட்ட வேண்டாம், நானே திட்டிக்கொண்டுவிட்டேன். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது கடைகளின் விற்பனைக் கணக்கு ரிட்டர்ன், போட வேண்டும், இன்று 6. பக்கத்தில் சர்வீஸ் கடையில் இருந்து வந்த பையன் பார்த்துவிட்டு 'ஃபார்மட் போட்டா சரியாயிடும், ஆனா டேட்டாவுக்கு கேரண்டி இல்ல' என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வேறு வழி இருக்கிறதா?


டிஜிட்டல் டீக்கடை:

விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும். ஃபார்மட் போட்டு அப்படியே 11 ஏற்றிவிடுங்கள். 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்.


பழைய ஸ்பேனர்:

டீக்கடை, அவர் டேட்டா முக்கியம் என்று மூன்று வரி எழுதியிருக்கிறார், அதைப் படித்துவிட்டுமா ஃபார்மட்? அதோடு அது 2012 ஐ3. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். சுற்றிவளைத்து ஏற்றலாம், அது இப்போது பேச வேண்டிய விஷயம் இல்லை.

சகோதரி, முதலில் நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரீஸ்டார்ட் ஆகிறது என்றதும் விண்டோஸையே பிடித்து உலுக்குவார்கள். எந்த இடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க மாட்டார்கள். லோகோவே வராமல், டிஸ்பிளே கூட வராமல் ஆகிறதா, அப்படியானால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ராம், எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பா), ப்ராசசர் சூடு, பவர் பட்டன், இந்த வட்டத்துக்குள்தான். லோகோ வந்த பிறகு ஆகிறது என்றால் இரண்டுமாகவும் இருக்கலாம், ஏனென்றால் அப்போதுதான் டிஸ்க், ப்ராசசர், கிராபிக்ஸ் எல்லாம் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கி கரண்ட் அதிகம் இழுக்கும், சோர்ந்துபோன எஸ்எம்பிஎஸ் அந்த இடத்தில் கவிழும்.

அதைப் பிரித்துப் பார்க்கப் பைசா செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஆன் செய்ததும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள், பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த செட்டிங் திரை, திறக்கும். அதற்குள் எதையும் மாற்றாமல் அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சமையலைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் ஹார்டுவேர், மேலே பேச்சே இல்லை, விண்டோஸ் அந்த நேரத்தில் ஓடவே இல்லையே. அசையாமல் நின்றால் ஹார்டுவேர் மேல் சந்தேகம் பாதி குறையும். அதே பயாஸில் சிபியு சூடு எவ்வளவு, 12 வோல்ட் என்ற இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்றும் குறித்து வாருங்கள். 12க்கு 11.4இல் இருந்து 12.6 வரை இருக்கலாம், 5க்கு 4.75இல் இருந்து 5.25 வரை. பயாஸ் காட்டுவது துல்லியம் இல்லை, மல்டிமீட்டர்தான் கணக்கு, ஆனாலும் 10.9 என்று காட்டினால் யோசிக்க வேண்டும்.

என் ஊகம் எஸ்எம்பிஎஸ். பதின்மூன்று வருஷ மெஷின், நம் பக்கத்து வோல்டேஜ், அது இத்தனை நாள் தாங்கியதே பெரிது. மாற்றிப் பார்க்க உறவினர் வீட்டில் ஒன்று இருந்தால் கேட்டு வையுங்கள். ஒன்று மட்டும், எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.


கோவைக்குசும்பு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் கிட்டத்தட்ட இதே கதை. ஆனால் எனக்கு டிஸ்பிளேவே வருவதில்லை. ஃபேன் சுற்றும், நாலு விநாடியில் நின்றுவிடும், கொஞ்சம் கழித்துத் தானாகவே மறுபடி சுற்றும், மறுபடி நிற்கும். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன், இரண்டில் ஒன்றை மட்டும் போட்டும் பார்த்தேன், பலனில்லை.


பழைய ஸ்பேனர்:

குசும்பு, இது 'இதே கதை' இல்லை, நான் மேலே சொன்ன இன்னொரு வட்டம். தனி இழை தொடங்கினால் நல்லது. சரி, வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் சரியாக நாலு விநாடிதானா? கடிகாரம் வைத்துப் பாருங்கள்.


வெண்ணாற்றங்கரை:

அண்ணா, நாற்பது நிமிடம் பயாஸில் விட்டேன். சாம்பார் கொதித்து இறக்கியாகிவிட்டது, மெஷின் அசையவில்லை. சிபியு 41 டிகிரி. 12 வோல்ட் இடத்தில் 12.09 என்று இருக்கிறது, 5க்கு 5.04. ஆக எஸ்எம்பிஎஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, இது முக்கியமா தெரியவில்லை, பயாஸில் தேதி 2012 ஜனவரி என்று காட்டுகிறது.


பழைய ஸ்பேனர்:

எஸ்எம்பிஎஸ் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுதாக இல்லை, முக்கால்வாசி. தேதியை மனதில் வைத்திருங்கள், அதற்கு வருவோம்.

அடுத்தது அந்த நீலம். அதில்தான் பதில் எழுதியிருக்கும், ஆனால் படிக்க விடாமல் ஓடிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் ரிப்பேர் தோற்றுப்போன திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதன் வழியாக ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று உள்ளே போனால் ஒரு ரீஸ்டார்ட் பட்டன். அதை அழுத்தியதும் ஒன்பது வரிகள் கொண்ட பட்டியல் வரும், அதில் 9. தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி அது. பிறகு நீலத் திரை நிற்கும், நிதானமாகப் படிக்கலாம். இவ்வளவு உள்ளே போகப் பயமாக இருந்தால் இன்னொரு குறுக்குவழி, போனில் ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்த்தால் எழுத்து கிடைத்துவிடும். நான் பாதி நேரம் இதைத்தான் செய்கிறேன்.


தூசிதட்டி:

ஸ்பேனர் சொல்வதைச் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை, டேட்டாவை எடுத்துவிடுங்கள் அக்கா, இப்போதே எடுக்கலாம், விண்டோஸ் திறக்க வேண்டியதில்லை.

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் இருக்கிறது. கருப்புத் திரை வரும். பென்டிரைவைச் செருகிவிட்டு, அந்தக் கருப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர். ஆமாம், சாதாரண நோட்பேட்தான் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுங்கள், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டெக்ஸ்ட் ஃபைல்கள் மட்டும்தான் தெரியும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள்ளேயே டிஸ்க்குகள் எல்லாம் வரும், டேலி டேட்டா ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, பென்டிரைவுக்குள் போய் பேஸ்ட். எவ்வளவு ஆயிற்று என்று பச்சைப் பட்டை எல்லாம் காட்டாது, ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும், நிற்கட்டும், முடிந்ததும் அதுவே நகரும். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கும், உங்கள் சி இங்கே டி ஆக இருக்கலாம், பயப்படாதீர்கள்.

யாராவது செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துப் பழுது பார்க்கும் விண்டோஸ் கமாண்ட்) ஓட்டச் சொன்னால் இந்தக் காப்பி முடியும் வரை ஓட்டாதீர்கள். டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால் அந்த ஓட்டமே அதைக் கொன்றுவிடும். ஒரு நண்பரின் கல்யாண போட்டோக்கள் முழுவதும் என் அவசரத்தில் போயின, இன்னும் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.


வெண்ணாற்றங்கரை:

தூசிதட்டி, உங்களுக்குக் கோயில் கட்டலாம். நோட்பேடுக்குள் போய்ப் பார்த்தேன், எல்லா ஃபோல்டரும் அப்படியே இருக்கிறது. டேலி டேட்டா முழுவதும் பென்டிரைவுக்கு வந்துவிட்டது, வீட்டுக்காரர் லேப்டாப்பில் செருகித் திறந்தும் பார்த்துவிட்டேன். இப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த 9ஐயும் அழுத்தினேன். நீலத் திரையில் சோக முகம், அதன் கீழே ஸ்டாப் கோட்: இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ். எஸ்எஸ்டி போய்விட்டது என்று அர்த்தமா? ஆனால் காப்பி எடுக்க முடிந்ததே?


டிஜிட்டல் டீக்கடை:

பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்றால் எஸ்எஸ்டிதான். புதிது வாங்குங்கள்.


திருகாணி:

வாங்காதீர்கள். காப்பி எடுக்க முடிந்ததே என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

எக்ஸ்பி காலத்தில் இது 7பி என்று நம்பராக வரும், அப்போதிருந்தே இதற்குப் பொருள் ஒன்றுதான்: விண்டோஸ் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, ஆனால் தான் உட்கார்ந்திருக்கிற டிஸ்க்கோடு அதனால் பேச முடியவில்லை. டிஸ்க் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது, பேசுகிற பாஷை மாறிவிட்டது. லோகோ வரை வருவது பயாஸ் உதவியில். அதற்கு மேல் விண்டோஸ் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்க்கைத் தொட வேண்டும், அங்கேதான் சறுக்குகிறது. ரிப்பேர் திரை மட்டும் ஏன் வேலை செய்கிறது என்றால், அது எல்லா வகை டிரைவரையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும் தனிச் சின்ன விண்டோஸ்.

பாஷை எப்படி மாறியது? 2012 ஜனவரி. மதர்போர்டில் எட்டணா நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். பயாஸ் செட்டிங்கையும் கடிகாரத்தையும் அதுதான் நினைவில் வைத்திருக்கிறது. அது செத்துவிட்டது, போர்டு தொழிற்சாலையில் இருந்து வந்த அன்றைய நிலைக்குப் போய்விட்டது. எச்61 காலத்துப் பல போர்டுகளில் சாட்டா மோட், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, டிஃபால்ட்டாக ஐடிஇ என்ற பழைய முறை. உங்கள் தம்பி எஸ்எஸ்டி போட்டபோது விவரமாக ஏஹெச்சிஐ என்ற புது முறைக்கு மாற்றிவிட்டுத்தான் விண்டோஸ் ஏற்றியிருப்பார். நல்ல வேலை. இப்போது அது மறுபடி ஐடிஇ ஆகியிருக்கும். நீங்கள் எதையும் அழுத்தவில்லை என்று தம்பியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அல்லது, ஊரில் இருந்து வந்து முதலில் ஆன் செய்தபோது கருப்புத் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்து, ஏதாவது கீ கேட்டு, அழுத்தினீர்களா?

பயாஸுக்குள் போங்கள். பெரிஃபெரல்ஸ் என்றோ, சாட்டா கான்ஃபிகரேஷன் என்றோ ஒரு பக்கம், போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். அங்கே ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.


பழைய ஸ்பேனர்:

திருகாணி, பயாஸ் தேதியைப் பார்த்த உடனேயே நான் அங்கே போயிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றுகிறேன்.

ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தானே போனீர்கள் சகோதரி? அதுதான் விஷயம். பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, மெஷின் ஆஃப் ஆகியிருந்தாலும், எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் 5 வோல்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை குறைவு. சுவரில் அணைத்துவிட்டால் முழுப் பாரமும் அதன் தலையில். ராத்திரி ராத்திரி சுவிட்சை அணைக்கிற நம் வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் சாவது இதனால்தான். அதற்காக அணைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, இடி மின்னல் காலத்தில் அணைப்பதுதான் புத்தி, நாற்பது ரூபாய்ப் பேட்டரிதானே.


வெண்ணாற்றங்கரை:

திறந்துவிட்டதுஉஉ!!

ஐடிஇ என்றுதான் இருந்தது. மாற்றினேன், எஃப்10, லோகோ, புள்ளிகள், வால்பேப்பர். டேலி திறக்கிறது. பிரவுசர் மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்று கத்தியது, பிறகுதான் தேதி இன்னும் 2012 என்று கவனித்தேன், மாற்றியதும் அடங்கிவிட்டது.

திருகாணி கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம். ஒரு கருப்புத் திரை வந்தது, மூன்று வரி கேட்டது, முதல் வரியில் நின்றது, என்டர் தட்டினேன். தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.


திருகாணி:

சொல்லாதீர்கள். நீங்கள் தட்டியிருக்காவிட்டாலும் பேட்டரி செத்ததால் அது அங்கேதான் போயிருக்கும்.

இப்போது பேட்டரியை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும், எடைத் தராசு, கார் ரிமோட் எல்லாவற்றிலும் போடுகிற அதே நம்பர்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை விடுங்கள், கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை லேசாகத் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். எழுத்து உள்ள பிளஸ் பக்கம் மேலே.

கவனம்: பேட்டரியைக் கழற்றியதும் செட்டிங் மறுபடி அழியும். முதல் முறை ஆன் செய்யும்போதே டெலிட் தட்டி, ஏஹெச்சிஐ போட்டுவிட்டு, தேதியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகுதான் விண்டோஸுக்குள் விட வேண்டும்.


பெயரிலி 77:

இதைப் படிக்கிற லேப்டாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிற புது மெஷின்களில் பயாஸில் சில செட்டிங்குகளை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அது சேமிப்பில் இருக்கிறதா என்று வேறொரு போனில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். 2024 ஜூலை 19இல் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் இதே மாதிரி நீலத் திரையும் ரீஸ்டார்ட்டுமாகச் சுழன்றனவே, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால். சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்றார்கள், ஆனால் அங்கே போகவே கீ வேண்டும். எங்கள் ஆபீஸில் மூன்று நாள் அந்த நம்பரைத் தொலைபேசியில் ஒப்பித்தே என் தொண்டை போயிற்று.


கோவைக்குசும்பு:

எல்லாரும் கொண்டாடுகிறீர்கள், என்னை மறந்துவிட்டீர்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன் ஸ்பேனர் அண்ணா, சொல்லிவைத்த மாதிரி நாலு விநாடி. ஒவ்வொரு முறையும்.


பழைய ஸ்பேனர்:

அப்படியானால் ராமும் இல்லை, ப்ராசசரும் இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். சூட்டினால் நிற்பது ஒருநாள் மூன்று விநாடி, ஒருநாள் பத்து விநாடி என்று ஆடும். பவர் பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் எந்த மெஷினும் அணைந்துவிடும் இல்லையா, உங்கள் பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது, போர்டு யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாக நினைக்கிறது. முன் பேனலில் இருந்து போர்டுக்கு வரும் மெல்லிய வயர்களில் பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின் கொக்கியைப் பிடுங்குங்கள். அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். அது வெறும் சுவிட்சுக்கான இடம், ஷாக் அடிக்காது, ஆனால் பக்கத்துப் பின்னைத் தொடாதீர்கள். ஓடினால் பட்டன்தான் குற்றவாளி. ஓடாவிட்டால் ப்ராசசர் பக்கத்தில் செருகும் 4 பின் 12 வோல்ட் வயரையும், கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அடுத்து அங்கேதான் வருவோம்.


கோவைக்குசும்பு:

ஓடுகிறது. பட்டனைக் கழற்றினால் உள்ளே எறும்புக் கூடு, மண்ணோடு. சுவிட்ச் புதிது வரும் வரை ரீசெட் பட்டன் வயரை அந்த இடத்தில் செருகிவிட்டேன், இப்போது ரீசெட் அழுத்தினால் ஆன் ஆகிறது.


பழைய ஸ்பேனர்:

அதை நிரந்தரமாகவே விட்டுவிடுங்கள், என் மெஷின் ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.


வெண்ணாற்றங்கரை:

பேட்டரி மாற்றியாயிற்று, வாட்ச் கடையில் 35 ரூபாய். மாற்றிவிட்டு ஆசையாக ஆன் செய்தால் மறுபடி லோகோ, நீலம், ரீஸ்டார்ட். கை காலெல்லாம் உதறிவிட்டது. பிறகு இங்கே வந்து திருகாணி 'கவனம்' என்று போட்ட பத்தியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். உள்ளே போய் ஏஹெச்சிஐ போட்டேன், திறந்துவிட்டது. இரவு சுவரில் அணைத்து, காலையில் போட்டுப் பார்த்தேன், தேதி சரியாக நிற்கிறது.

சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டேன். ஐந்து கடைகளின் ஜிஎஸ்டிஆர்-1 போட்டாயிற்று, மூன்று பாக்கி. ஒரு கடைக்காரர் இன்னும் பில் புத்தகமே அனுப்பவில்லை, அதற்கு எந்த பயாஸில் போய் என்ன மாற்றுவது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.